மூலிகை வயலின் முதல் அறுபது நாள்கள்

திருப்பதி மாவட்டத்தில், புத்தூரை அடுத்து அமைந்துள்ள நாராயணவனத்தைத் தமிழ்நாட்டவர் பலரும் அறிவர். ஆகாசராஜனின் மகளான பத்மாவதித் தாயாரைத் திருவேங்கடவன் மணம் புரிந்த தலம் என்பது அவ்வூரின் பெருமை. கல்யாண வேங்கடேசுவரர் கோயிலை நாடியும், சுரைக்காய் சுவாமிகளின் சமாதியை நாடியும் தமிழ் அன்பர்கள் அங்குச் செல்வதுண்டு. கைலாசகோனை அருவியும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூரின் பெயரிலேயே ஒரு வனம் இருக்கிறது.

வனத்தில் தானாக முளைக்கும் பச்சிலைக்கு எவரும் களை எடுப்பதில்லை. அங்குச் செடிகள் தமக்கேற்ற இடத்தைத் தாமே தேடிக்கொள்கின்றன. வாழ்வது வாழும், மாய்வது மாயும். அதே பச்சிலையை உழுத நிலத்தில் வரிசை பிடித்து நட்டு, எருவிட்டு, நீர் பாய்ச்சிப் பயிராக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. நாம் இட்ட எருவும் விட்ட நீரும் களைகளுக்கும் விருந்தாகின்றன. ‘காட்டில் தானே வளரும் செடிதானே, வயலில் இதற்கென்ன பராமரிப்பு?’ என்று எண்ணி மூலிகைப் பயிரில் இறங்குவோர் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

நிலக்கடலை, நெல், கரும்பு, மா ஆகியன இவ்வட்டாரம் நன்கு பழகிய பயிர்கள். இவற்றோடு துளசி போன்ற மூலிகைப் பயிர்களையும் சிறிய அளவில் முயன்று பார்க்கலாமே என்னும் எண்ணம் உழவர்களிடையே எழுவது இயல்பு. திருமலையை நோக்கி நாள்தோறும் துளசி செல்கிறது. திருப்பதிக்கு அருகே நரசிங்கபுரத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆயுர்வேத மருந்து உற்பத்திச் சாலை இயங்குகிறது. மூலிகைத் தேநீர் நாட்டிலும் வெளிநாட்டிலும் விலைபோகும் பொருளாகிவிட்டது. ஆகவே இத்தகைய பயிரில் பணத்தையும் உழைப்பையும் முதலீடு செய்வோர், களையைப் பற்றி முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

களை எடுத்துக்கொள்ளும் பங்கு

களையால் நேரும் இழப்பு சிறியதன்று. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டின் 10 முக்கியப் பயிர்களில் மட்டும் களைகளால் ஏற்படும் இழப்பை ஏறத்தாழ 1,100 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. விளைச்சல் இழப்பில் முதலிடம் பெற்ற பயிர் எது தெரியுமா? இவ்வட்டாரத்தின் நிலக்கடலையேதான், 35.8 விழுக்காடு.

அதே ஆய்வில் நெல்லைப் பற்றிய இரு எண்கள் மூலிகைப் பயிருக்கும் பாடமாக அமைகின்றன. நேரடியாக விதைத்த நெல்லில் இழப்பு 21.4 விழுக்காடு, நாற்று நட்ட நெல்லில் 13.8 விழுக்காடு. நாற்று நடும்போது பயிர் சில வாரங்கள் மூத்ததாக இருக்கிறது. வயலில் நிற்கும் நீரும் களைகளை முளைக்கவிடாமல் அழுத்துகிறது. களையும் பயிரும் ஒரே நாளில் ஓட்டத்தைத் தொடங்கினால் வெல்வது பெரும்பாலும் களைதான். பயிர் சற்று முந்தினால் கதை மாறும்.

துளசியின் விதை கடுகினும் சிறியது. ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய நாற்றுகளை வளர்க்க 200 முதல் 300 கிராம் விதையே போதும். அவ்வளவு சிறிய விதைக்குள் செடிக்கான கட்டுச்சோறு மிகக் குறைவு. ஆகவே முளைத்த பின் சில வாரங்கள் அது மெல்லத்தான் வளரும். கொத்தமல்லியோ முளைப்பதற்கே ஒரு வாரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சாரணை படர்ந்திருக்கும். கோரை குத்தீட்டிபோல் எழுந்திருக்கும். மூலிகைப் பயிர்கள் பலவற்றின் பொதுவான நலிவு இந்தத் தொடக்ககால மந்தமே.

ஒளி, நீர், உணவு

பயிரும் களையும் மூன்று பொருள்களுக்காகப் போட்டியிடுகின்றன: ஒளி, நீர், மண்ணின் ஊட்டம்.

ஒளியைப் பொறுத்தவரை, நிழல் விழுவதற்கு முன்பே போட்டி தொடங்கிவிடுகிறது. பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உட்கொண்டு, அதனை ஒட்டிய தொலைச்சிவப்புப் பகுதியைத் தெறித்துவிடும். அருகில் களைகள் நெருங்கி வளர்ந்தால், தெறித்து வரும் ஒளியின் மாறுதலைக் கொண்டே அண்டையில் வேறு செடி வந்துவிட்டதைப் பயிர் உணர்ந்துகொள்கிறது. உடனே அது தண்டை நீட்டத் தொடங்கும். கிளை விடுவதைக் குறைக்கும். தானியப் பயிரில் இது ஓரளவு பொறுக்கத்தக்கது. இலையையே விற்கும் பயிரில் இது நேரடி இழப்பு. வாங்குவோர் இலைக்கு விலை தருவரேயன்றித் தண்டுக்குத் தருவதில்லை.

நீரிலும் ஊட்டத்திலும் களைகளுக்குப் பிறவியிலேயே ஒரு வசதி உண்டு. கோரை, அருகு, சாரணை ஆகியவை ‘நான்கு கார்பன்’ வகை ஒளிச்சேர்க்கை உடையவை. வெயிலும் வெப்பமும் மிகுந்த இடத்தில், ஒரே அளவு நீரைக் கொண்டு கூடுதலான வளர்ச்சியைக் காட்ட வல்லவை. துளசி, புதினா, கொத்தமல்லி ஆகியன ‘மூன்று கார்பன்’ வகையைச் சேர்ந்தவை. மிகுந்த வெப்பத்தில் அவற்றின் திறன் குறையும். இப்பகுதியின் கோடையில் இந்த ஏற்றத்தாழ்வு கண்கூடாகத் தெரியும். கோரைக்கு இன்னொரு வலிமையும் உண்டு. மேலே கிள்ளினாலும் மண்ணுக்கடியில் உள்ள கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கும். உலகின் மிகக் கொடிய களை என 1977-இல் வெளிவந்த புகழ்பெற்ற களைநூல் ஒன்று கோரைக்கே முதலிடம் தந்தது.

மணம் குறையும் வழி

மூலிகைப் பயிரின் தரம் என்பது என்ன? எடை மட்டும் அன்று. மணமும் மருந்துச் சாரமும் அதில் அடங்கும். துளசி இலையைக் கசக்கினால் எழும் மணத்துக்குக் காரணமான எண்ணெய், இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கிறது. துளசியின் எண்ணெயில் குறிப்பிடத்தக்க பொருள் யூஜினால். கிராம்புக்கு மணம் தருவதும் இதுவே.

இச்சுரப்பிகளின் வேலை ஒளியைப் பெரிதும் சார்ந்தது. துளசிக்கு நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சிலையை வெவ்வேறு ஒளியளவுகளில் வளர்த்து, பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒளி மிகுந்த இடத்தில் வளர்ந்த செடிகளின் எண்ணெயில் யூஜினாலும் லினலூலும் கூடின. ஒளி குறைந்த இடத்தில் மெத்தில் யூஜினால் என்னும் வேறொரு பொருளின் பங்கு கூடியது. செடி ஒன்றே, நிழலின் அளவு மாறியபோது எண்ணெயின் கலவையே மாறிவிட்டது. அந்த ஆய்வில் நிழலை உண்டாக்கியவை களைகள் அல்ல என்பது உண்மைதான். ஆயினும் களை தரும் நிழலும் நிழலே.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். மணப்பயிர்கள் சிலவற்றில் சிறிதளவு நீர்ப்பற்றாக்குறை எண்ணெயின் விழுக்காட்டை உயர்த்துவதுண்டு. இதைக் கேட்டறிந்த சிலர், ‘களை இருந்தால் செடி வாடும்; வாடினால் மணம் கூடும்’ என்று கணக்கிடக்கூடும். அது பிழையான கணக்கு. விழுக்காடு சற்று உயர்ந்தாலும், இலையின் அளவு வெகுவாகச் சரிந்தால் ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்த எண்ணெய் குறையவே செய்யும். தவிரவும் நீரை நாம் அளந்து குறைக்கலாம். களை அளந்து குடிப்பதில்லை.

மூட்டைக்குள் நுழையும் களை

இதுவரை கூறியது களை பயிரிடமிருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றி. மூலிகைப் பயிரில் அதைவிடப் பெரிய தீங்கு, களை பயிரோடு சேர்ந்து வருவதே. நெல்லைத் தூற்றலாம், கடலையைப் பறித்துப் பிரிக்கலாம். துளசியையும் கீழாநெல்லியையும் அரிவாளால் அறுத்து அப்படியே உலர்த்துகிறோம். இடையில் நின்ற களையும் சேர்ந்து அறுபட்டு, உலர்ந்து, நொறுங்கி மூட்டைக்குள் போய்விடும். காய்ந்த பின் அதைப் பிரித்தெடுத்தல் ஏறக்குறைய இயலாத செயல்.

இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல், மூலிகைகள் பலவற்றில் அயற்பொருள் 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என வரையறுக்கிறது. அதாவது 100 கிலோ உலர்ந்த இலையில், களை, மண், கல் அனைத்தும் சேர்ந்தே 2 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒரு களையெடுப்பைத் தவறவிட்ட வயலில் இந்த வரம்பைக் காப்பது கடினம்.

பயிரின் சாயலிலேயே வளரும் களைகள் இன்னும் ஏமாற்றுவன. துளசி நாற்றங்காலில் நாய்த்துளசி முளைத்தால், இளம் பருவத்தில் இரண்டையும் வேறுபடுத்தப் பழகிய கண் வேண்டும். கீழாநெல்லியின் நிலையும் இதுவே. தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து வாங்கிய கீழாநெல்லி மாதிரிகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. அவற்றுள் 76 விழுக்காட்டு மாதிரிகளில் உரிய கீழாநெல்லியே முதன்மையாக இருந்தது. எஞ்சியவற்றில் அதே குடும்பத்தின் வேறு இனங்கள் கலந்திருந்தன. காட்டிலும் வரப்பிலும் பறிப்போரிடம் இத்தகைய கலப்பு எளிதில் நேர்கிறது. வயலில் பயிரிடுவோருக்கு உள்ள பெரிய நன்மையே ‘இது இன்ன செடிதான்’ என்று உறுதி கூற முடிவது. களையைக் கவனியாது விட்டால் அந்த நன்மையும் கைநழுவிவிடும்.

நஞ்சுள்ள களைகள்

சில களைகள் தரத்தைக் குறைப்பதோடு நில்லாமல் உயிருக்கும் ஊறு செய்வன. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய செடிகளை நம் வரப்புகளில் காணாதார் இலர். இவற்றில் ‘பைரோலிசிடின் ஆல்கலாய்டு’ எனப்படும், கல்லீரலைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. ஊமத்தையின் நஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

1970-களின் நடுப்பகுதியில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் பழங்குடி மக்களிடையே ஒரு விந்தையான கல்லீரல் நோய் பரவியது. வயிறு வீங்கிப் பலர் துன்புற்றனர். ஆராய்ந்த மருத்துவர்கள் 67 நோயாளிகளைக் கண்டறிந்தனர். அவர்களுள் 28 பேர் இறந்தனர். காரணம், அவர்கள் உண்ட சாமையில் கலந்திருந்த கிலுகிலுப்பை இனத்தின் விதைகள். வயலில் பிடுங்கப்படாத ஒரு களை, கதிரோடு அறுபட்டு, உலைக்குச் சென்று, உயிர்களைக் கொண்டுபோயிற்று. இந்த ஆய்வு 1976-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இத்தகைய நிகழ்வுகளும் பிற ஆய்வுகளும் சேர்ந்து இன்று வணிகச் சட்டமாக மாறியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் விதித்து, 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரம்புகளின்படி, சீரகத்திலும் உலர்ந்த நறுமண இலைகள் பலவற்றிலும் இந்த ஆல்கலாய்டுகள் கிலோவுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. மூலிகைத் தேநீர்ப் பொருள்களுக்குப் பொதுவான வரம்பு 200 மைக்ரோகிராம். புதினா உள்ளிட்ட சிலவற்றுக்கு 400. ஒரு டன் இலையில் 0.2 கிராம் என்பது எவ்வளவு சிறிது என்று எண்ணிப் பாருங்கள். வயலின் ஒரு மூலையில் தப்பி நின்ற சில தேள்கொடுக்குச் செடிகளே ஒரு முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பப் போதுமானவை.

பிடுங்கிய களையை எங்கே போடுகிறோம் என்பதும் இங்கே முக்கியமாகிறது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டனர். இந்த ஆல்கலாய்டு உள்ள களையைப் பிடுங்கிப் புதினாச் செடிகளின் அடியில் மூடாக்காக இட்டபோது, களை மட்கும் வேளையில் நஞ்சு மண்ணில் இறங்கி, புதினாவின் வேர் வழியே அதன் இலைக்கும் சென்று சேர்ந்தது. பிடுங்கிய களையை வரிசைக்கிடையே பரப்புவது நல்ல பழக்கமே. ஈரம் காக்கும், மண்ணுக்கு உரமாகும். ஆனால் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, ஊமத்தை ஆகிய மூன்றையும் வயலுக்கு வெளியே கொண்டுபோய் அகற்றுவதே முறை.

பார்த்தீனியம் வேறு வகையில் தொல்லை தருவது. 1950-களில் புனேயில் கவனத்துக்கு வந்து, இன்று நாடெங்கும் பரவிவிட்ட இச்செடி ஒன்றே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். தொடுவோருக்குத் தோல் அழற்சியும் மூச்சுத் தொல்லையும் உண்டாகலாம். களையெடுக்கும் பெண்களுக்குக் கையுறை வாங்கித் தருவது சிறு செலவு. அதைத் தவிர்த்தல் ஆகாது. பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டால் அடுத்த பருவத்தின் சுமையும் குறையும்.

நாள் தவறாத களையெடுப்பு

இனிச் செயல்முறைக்கு வருவோம். துளசியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கால அட்டவணையைத் தருகிறோம். பிற இலை மூலிகைகளுக்கும் சிறு மாற்றங்களுடன் இது பொருந்தும்.

நடவுக்கு முன்: கோடையில் ஆழமாக உழுது, கோரைக் கிழங்குகளையும் அருகின் வேர்த்தண்டுகளையும் மேலே கொணர்ந்து வெயிலில் காயவிட வேண்டும். பின்னர் ஒரு நீர் பாய்ச்சியோ, மழையைப் பயன்படுத்தியோ களை விதைகளை முளைக்கவிட்டு, மேலோட்டமாகக் கிளறி அழிக்க வேண்டும். இவ்வாறு இரு முறை செய்தால், பின்னர் முளைக்கவிருந்த களைகளில் பெரும்பகுதி நடவுக்கு முன்பே தீர்ந்துவிடும். இரண்டாம் முறை ஆழ உழுதலாகாது. புதைந்து கிடக்கும் விதைகள் மீண்டும் மேலே வந்துவிடும். தொழுவுரம் நன்கு மட்கியதாக இருத்தல் வேண்டும். மட்காத எரு களை விதைகளைச் சுமந்து வரும்.

நாற்றங்கால்: ஈரமான பாத்தியை நிறமற்ற பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரங்கள் கோடையில் மூடி வைத்தால், வெப்பத்தால் களை விதைகள் பல மடியும், கோரைக் கிழங்கு மட்டும் முற்றிலும் அழியாது. நாற்றுகளை ஏறத்தாழ ஆறு வாரங்களில், நான்கைந்து இலைகளோடு பிடுங்கி நடலாம். நடும் நாளிலேயே சாயல் மாறிய நாற்றுகளை ஒதுக்கிவிட வேண்டும்.

30-ஆம் நாள்: நட்ட ஒரு மாதத்தில் முதல் களையெடுப்பு. இதுவே அனைத்திலும் முக்கியமானது. களைகள் சிறியவையாக இருக்கும்போதே களைக்கொத்தால் எளிதில் எடுக்கலாம். பயிரின் வேரும் அசையாது. செடியை ஒட்டியுள்ளவற்றைக் கையால் எடுப்பது நன்று.

60-ஆம் நாள்: முதல் களையெடுப்பிலிருந்து நான்கு வாரங்கள் கழித்து இரண்டாம் களையெடுப்பும் மண் அணைப்பும். இதற்குப் பின் துளசி புதராகப் படர்ந்து தரையை மூடிக்கொள்ளும். அதன் நிழலே களையை அடக்கும். அதுவரை நாம் பயிருக்குக் காவல். அதன்பின் பயிரே தனக்குக் காவல்.

அறுவடைக்கு முன்: 90-ஆம் நாளை ஒட்டி, பூத்து நிற்கும் பருவத்தில் முதல் அறுவடை வரும். அதற்கு இரண்டு மூன்று நாள்கள் முன்பாக வயலை ஒருமுறை நடந்து பார்த்து, பயிருக்கு மேல் தலைநீட்டி நிற்கும் களைகளைப் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு பேரின் அரைநாள் வேலை இது. மூட்டையின் தரத்தைக் காப்பதில் இதற்கு இணையானது வேறில்லை. அறுத்த பின் வெளிச்சம் நுழைவதால் களைகள் மீண்டும் கிளம்பும். ஆகவே ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் ஒரு கொத்து அவசியம்.

வரிசைகளுக்கிடையே வைக்கோல், கரும்புத் தோகை ஆகியவற்றால் மூடாக்கு இடுவதும், சொட்டுநீரால் பயிரின் அடியில் மட்டும் நனைப்பதும் களையெடுப்புச் செலவைக் குறைக்கும் வழிகள்.

களைக்கொல்லி பயன்படுமா?

ஆள் கிடைக்காத நாளில் களைக்கொல்லியை எண்ணுவது இயற்கை. எனினும் இங்கே இரு தடைகள் உள்ளன. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ், ஒவ்வொரு மருந்தும் இன்னின்ன பயிருக்கு என்றே பதிவு செய்யப்படுகிறது. மூலிகைப் பயிர்களுக்கெனப் பதிவான களைக்கொல்லிகள் மிகக் குறைவு. கடலைக்கோ நெல்லுக்கோ உரியதைத் துளசிக்குத் தெளித்தல் முறையன்று. இரண்டாவது, துளசியின் இலை அப்படியே வாயில் இடப்படுவது. வாங்குவோர் எச்ச நஞ்சைச் சோதிக்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட மருந்துச் செடிகளுக்கான நல்ல சாகுபடி வழிகாட்டுதலும், களைக்கொல்லி உள்ளிட்ட வேதிப்பொருள்களை இயன்றவரை தவிர்க்குமாறே அறிவுறுத்துகிறது. ஐயம் எழுந்தால் திருப்பதியில் உள்ள மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தையோ கேட்டறிதல் நலம்.

பணத்துக்கும் ஒரு நாள் உண்டு

ஆக, மூலிகை வயலில் களையை வெல்வது பெரிதும் கைவேலையால்தான். கைவேலைக்குக் கூலி வேண்டும். அதுவும் உரிய நாளில் வேண்டும். களையெடுப்பு தள்ளிப்போவதற்கு அறியாமையைக் காட்டிலும் கையில் பணமின்மையே பல இடங்களில் காரணமாகிறது. விதை, உழவு, எரு, நடவு என்று முதல் மாதத்திலேயே கைப்பணம் கரைந்துவிடுகிறது. 30-ஆம் நாள் வரும்போது கூலிக்குப் பணமில்லை. ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்கிறோம். களை அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஆந்திரப் பிரதேசத்துக்கு 2024–25-இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலியான 300 ரூபாயையே கொள்வோம். ஓர் ஏக்கரில் முதல் களையெடுப்புக்கு 12 ஆள், இரண்டாவதுக்கு 8 ஆள் எனில் மொத்தச் செலவு 6,000 ரூபாய். இத்தொகையை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் மூன்று மாதங்களுக்குக் கடனாகப் பெற்றால் வட்டி 105 ரூபாய். முதல் களையெடுப்பை 50-ஆம் நாளுக்குத் தள்ளினால், வேரூன்றிய களையை எடுக்க 25 ஆள் தேவைப்படலாம். அதற்கே 7,500 ரூபாய். இழந்த இலையும், தரக்குறைவால் வெட்டப்படும் விலையும் அதற்கு மேல். 105 ரூபாயைச் சேமிக்க எண்ணி ஆயிரங்களை இழப்பது எவ்வகைச் சிக்கனம்?

1998-இல் தொடங்கப்பட்ட உழவர் கடன் அட்டைத் திட்டம் இத்தகைய தேவைக்காகவே அமைந்தது. ஒரே நாளில் முழுத் தொகையையும் எடுத்தாக வேண்டும் என்பது இதில் இல்லை. வரம்புக்குள் வேண்டிய நாளில் வேண்டியதை எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்தே வட்டி. ஆகவே நடவு நாளிலேயே களையெடுப்புக்கான தொகையைக் குறித்து, அதைக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி மானியத் திட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 விழுக்காடு வட்டியும், உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு மேலும் 3 விழுக்காடு சலுகையும் வழங்கப்பட்டு வருகின்றன. 2025 ஜனவரி முதல், 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்குப் பிணையம் கேட்கப்படுவதில்லை.

பயிர்வாரியாக ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வகுக்கிறது. நீங்கள் எண்ணும் மூலிகை அப்பட்டியலில் உள்ளதா என்பதைப் பருவம் தொடங்குமுன் கிளையில் கேட்டறியுங்கள். 2000-இல் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியத்தின் மாநிலப் பிரிவிடம், நடப்பில் உள்ள உதவிகளைப் பற்றி விசாரிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, வாங்குவோரைக் கண்டு, அவர் ஏற்கும் அயற்பொருள் வரம்பையும் ஈரப்பதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சந்தையை அறியாமல் விதை வாங்குவது, களையை எடுக்காமல் அறுவடைக்குக் காத்திருப்பதைப் போன்றது.

களை எனப்படும் செடிகளுள் சில மூலிகைகளே என்பதையும் மறத்தலாகாது. கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் கரிசலாங்கண்ணியும் கோரைக்கிழங்கும் நம் நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்றவை. கடலை வயலில் அவை களை, மருந்துக் கடையில் அவை சரக்கு. ஒரு செடி நல்லதா தீயதா என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்கிறது. ஆகவே மூலிகை பயிரிடும் உழவருக்கு வேண்டிய முதல் அறிவு, தம் வயலில் நிற்கும் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமே. இவ்வறிவை நம் பாட்டிமார் நிறையவே வைத்திருந்தனர். களையெடுக்கும் பெண்களிடம் இன்றும் அது வாழ்கிறது. அவர்களுக்குக் கூலி கொடுப்பதோடு, அவர்கள் சொல்வதற்குச் செவியும் கொடுப்போம்.

அடுத்த பருவத்தில் துளசி நட எண்ணுவோர், நடவு நாளை நாட்காட்டியில் குறிக்கும்போதே அதிலிருந்து 30-ஆம் நாளையும் 60-ஆம் நாளையும் வட்டமிட்டு வையுங்கள். அந்த இரு நாள்களுக்கு ஆளும் பணமும் ஆயத்தமாக இருந்தால், பெரும்பாலான வேலையைப் பயிர் தானே பார்த்துக்கொள்ளும்.